ஐசியு அலமாரியில் கூரையைப் பார்த்த படம்: உடலை விட்டு மனம் வெளியே போகுமா?

ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவு. கட்டிலுக்கு மேலே, கூரைக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன அலமாரி. அதன் மேல் ஒரு படம், கூரையைப் பார்த்தபடி வைக்கப்பட்டிருக்கிறது. கட்டிலில் கிடப்பவருக்கு அது தெரியாது. பக்கத்தில் நிற்கும் டாக்டருக்கும் நர்ஸுக்கும் தெரியாது. அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஒரே வழிதான். கூரையை ஒட்டி மிதந்துகொண்டு கீழே பார்க்க வேண்டும்.

பேய்ப் படத்தின் காட்சி மாதிரி இருக்கிறதா? நிஜமாகவே நடந்தது. 2008-ல் தொடங்கி நான்கு ஆண்டுகள் பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரியா ஆகிய நாடுகளின் 15 ஆஸ்பத்திரிகளில் இப்படி அலமாரிகள் பொருத்தப்பட்டன. ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் 50 முதல் 100 வரை. தீவிர சிகிச்சை மருத்துவர் சாம் பர்னியா தலைமையில் நடந்த இந்த ஆய்வுக்கு 'அவேர்' என்று பெயர். மனிதனின் பிரக்ஞை மூளைக்குள் மட்டும்தான் இருக்கிறதா, அல்லது உடலைத் தாண்டியும் இருக்க முடியுமா என்ற பழைய கேள்வியை, ஆமாம்-இல்லை என்று விடை வரும் ஒரு பரீட்சையாக மாற்றிப் பார்த்த முயற்சி அது.

விடை என்ன என்பதற்கு முன்னால், இந்தக் கேள்வி ஏன் டாக்டர்களின் மேஜைக்கு வந்தது?

செத்துப் பிழைத்தவர்கள் சொல்வது

இதயத் துடிப்பு நின்று, சிபிஆர் செய்து மீட்கப்பட்டவர்களில் சிலர் கண் விழித்ததும் விசித்திரமான அனுபவங்களைச் சொல்கிறார்கள். மேலே மிதந்தேன், என் உடம்பை நானே பார்த்தேன், டாக்டர்கள் பதறியது தெரிந்தது, வலியே இல்லை, வெளிச்சம் தெரிந்தது, இறந்துபோன உறவினர்கள் வந்தார்கள். அமெரிக்கரான ரேமண்ட் மூடி 1975-ல் இதையெல்லாம் தொகுத்து 'லைஃப் ஆஃப்டர் லைஃப்' என்ற புத்தகம் எழுதினார். 'மரண விளிம்பு அனுபவம்' என்று இன்று நாம் சொல்வது உலகம் முழுக்கப் பரவியது அதற்குப் பிறகுதான்.

இங்கே ஒரு சின்னத் தெளிவு வேண்டும். நாம் எல்லாவற்றையும் 'ஹார்ட் அட்டாக்' என்று சொல்லிவிடுகிறோம். மாரடைப்பில் இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுகிறது. இதயம் பெரும்பாலும் துடித்துக்கொண்டுதான் இருக்கும். இங்கே பேசுவது இதயமே நின்றுபோவதைப் பற்றி. அப்படி நின்றால் சில நொடிகளில் சுயநினைவு போய்விடும். அரை நிமிடத்துக்குள் மூளையின் மின் அலைகள் ஏறக்குறைய நேர்கோடாகிவிடும்.

சிக்கலே அங்கேதான். கோடு நேராகிவிட்டது. அப்படியென்றால் பார்த்தது யார்?

இதற்கு முன்னால் ஒருவர் உயிரை எடை போட்டே பார்த்திருக்கிறார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த டாக்டர் டங்கன் மெக்டூகல், சாகும் தறுவாயில் இருந்தவர்களைக் கட்டிலோடு தராசில் ஏற்றினார். 1907-ல் முடிவை வெளியிட்டார். உயிரின் எடை 21 கிராம் என்று இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுவது அவர் புண்ணியம்தான். அவர் எடை பார்த்தது மொத்தமே 6 பேரை. அதில் 2 பேரின் கணக்கை அவரே தள்ளிவிட்டார். மிச்சமிருந்தவர்களின் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. 21 கிராம் வந்தது ஒரே ஒருவருக்கு. அதோடு அந்தக் கதையை விட்டுவிடலாம்.

பல் செட்டும் ரம்பமும்

மனம் உடலுக்கு வெளியே போகும் என்று நம்புபவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் சம்பவங்கள் இரண்டு. இரண்டுமே உண்மையில் சுவாரசியமானவை.

முதலாவது நெதர்லாந்தில் நடந்தது. இதய மருத்துவர் பிம் வான் லோமல், 10 ஆஸ்பத்திரிகளில் இதயம் நின்று மீண்ட 344 பேரை ஆராய்ந்து 2001-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். 62 பேர், அதாவது 18 சதவீதம் பேர், மரண விளிம்பு அனுபவம் இருந்ததாகச் சொன்னார்கள். அதே கட்டுரையில் ஒரு நர்ஸ் சொன்ன சம்பவமும் இருக்கிறது. நினைவில்லாமல் கொண்டுவரப்பட்ட ஒரு நோயாளியின் பல் செட்டைக் கழற்றி, மருந்து வண்டியின் தட்டில் அந்த நர்ஸ் வைக்கிறார். சில நாட்கள் கழித்து அந்த நோயாளி அவரைப் பார்த்ததும், என் பல் செட் எங்கே இருக்கிறது என்று இவருக்குத் தெரியும் என்றாராம்.

வான் லோமலின் வாதம் எளிதில் ஒதுக்கக்கூடியது இல்லை. ஆக்சிஜன் குறைவதால் மூளை காட்டும் மாயை இது என்றால், இதயம் நின்ற எல்லோருக்கும்தானே ஆக்சிஜன் குறைந்தது? 18 சதவீதம் பேருக்கு மட்டும் ஏன் வந்தது? மூளை பிரக்ஞையை உற்பத்தி செய்யவில்லை, டிவி பெட்டி அலைவரிசையை வாங்குவது போல வாங்கித் தருகிறது என்பது அவர் முடிவு. பெட்டி அணைந்தாலும் ஒளிபரப்பு நிற்பதில்லை அல்லவா?

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் டிவி பெட்டி பழுதானால் படம் மங்கும், சத்தம் கரகரக்கும். சீரியலின் கதை மாறாது. மூளை விஷயத்தில் கதையே மாறுகிறது. அல்சைமர் வந்த அம்மாவுக்கு மகனின் பெயர் மறந்துபோகிறது. தலையில் அடிபட்ட சாதுவானவர் முரடராக மாறுகிறார். இரண்டு பெக் உள்ளே போனால் ஆளே வேறு. பெட்டியில் கைவைத்தால் ஒளிபரப்பே மாறுகிறது என்றால், ஒளிபரப்பு வேறெங்கோ இருந்து வருகிறது என்பதை நம்புவது கஷ்டம்.

பல் செட் விஷயத்தில் இன்னொரு பலவீனமும் உண்டு. அது ஆய்வின்போது அளந்து பதிவானது அல்ல. பின்னர் நர்ஸ் நினைவிலிருந்து சொன்னது.

இரண்டாவது சம்பவம் 1991-ல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் நடந்தது. பாம் ரெனால்ட்ஸ் என்ற பாடகிக்கு மூளையின் அடிப்பகுதியில் ரத்தக்குழாய் வீங்கியிருந்தது. அறுவை சிகிச்சை நிபுணர் ராபர்ட் ஸ்பெட்ஸ்லர் செய்த ஆபரேஷன் அசாதாரணமானது. உடல் வெப்பத்தைச் சுமார் 15.5 டிகிரி செல்சியஸுக்குக் குளிரவைத்து, இதயத்தை நிறுத்தி, தலையிலிருந்து ரத்தத்தை வடித்துவிட்டு அறுவை செய்தார்கள். கண்களை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். காதுகளில் 'டிக் டிக்' என்று ஒலி கொடுக்கும் கருவி. பிழைத்த பிறகு பாம் ரெனால்ட்ஸ், மண்டை ஓட்டை அறுத்த ரம்பம் எலக்ட்ரிக் டூத் பிரஷ் மாதிரி இருந்தது என்றார். தன் ரத்தக்குழாய்கள் சின்னதாக இருக்கின்றன என்று ஒரு பெண் குரல் பேசியதையும் சொன்னார்.

ரத்தமே இல்லாத மூளை எப்படிக் கேட்டது என்ற கேள்வியோடு இந்தக் கதை இன்றும் யூடியூபில் ஓடிக்கொண்டிருக்கிறது. மயக்க மருந்து நிபுணர் ஜெரால்ட் வோர்லி சம்பவங்களின் நேரத்தைப் பிரித்துப் பார்த்தார். ரம்பம் ஓடியதும் அந்தப் பேச்சும் உடலைக் குளிரவைத்து ரத்தத்தை வடிப்பதற்கு முன்பு. அப்போது அவர் மயக்க மருந்தில் இருந்தார். இதயம் துடித்துக்கொண்டிருந்தது, மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. ஆபரேஷன் நடக்கும்போதே அரைகுறையாக நினைவு திரும்புவது மயக்கவியல் டாக்டர்களுக்குத் தெரிந்த ஆபத்துதான். இந்த விளக்கத்தை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். காதில் அவ்வளவு சத்தம் இருக்கும்போது பேச்சு எப்படிக் கேட்கும் என்பது அவர்கள் கேள்வி. ஆனால் மூளை முழுக்க நின்றிருந்தபோது நடந்தது என்ற, யூடியூப் சொல்லும் பகுதி மட்டும் நிற்கவில்லை.

படத்தை யாராவது பார்த்தார்களா?

சரி, அலமாரிக்கு வருவோம். 'அவேர்' முடிவுகள் 2014-ல் வெளியாகின. ஆய்வுக் காலத்தில் இதயம் நின்ற சம்பவங்கள் 2,060. பிழைத்தவர்கள் 330. பேட்டி கொடுக்கும் நிலையில் இருந்தவர்கள் 140. விரிவான இரண்டாம் கட்டப் பேட்டி வரை வந்தவர்கள் 101. அவர்களில் 9 சதவீதம் பேருக்கு மரண விளிம்பு அனுபவம் இருந்தது. தங்களைச் சுற்றி நடந்ததைப் பார்த்ததாகவும் கேட்டதாகவும் தெளிவாகச் சொன்னவர்கள் வெறும் 2 பேர்.

அந்த இருவருக்கும் இதயம் நின்றது, அலமாரி இல்லாத இடத்தில்.

நான்கு ஆண்டு உழைப்புக்கு இப்படி ஒரு முடிவு! சொல்லப்போனால் 78 சதவீத சம்பவங்கள் அலமாரி இல்லாத இடங்களில்தான் நடந்தன. சாவு இடம் பார்த்து வருவதில்லை. இருவரில் ஒருவரின் உடல்நிலை மோசமானதால் அவரிடம் மேற்கொண்டு விசாரிக்க முடியவில்லை. இன்னொருவர் சொன்னதை ஆய்வாளர்கள் சரிபார்த்தார்கள். இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி தானாகப் பேசும் குரல் இரண்டு முறை கேட்டதாக அவர் சொன்னார். அந்தக் கருவி எவ்வளவு நேர இடைவெளியில் பேசும் என்பதை வைத்து, சுமார் 3 நிமிடம் வரை அவருக்குச் சூழல் புரிந்திருக்கலாம் என்று பர்னியா குழு கணக்கிட்டது. குரலைக் கேட்கக் காது இருந்தால் போதுமே, உடலை விட்டு ஏன் போக வேண்டும் என்று விமர்சகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

இரண்டாவது சுற்றில் பர்னியா அலமாரியைக் கைவிட்டார். 2017 முதல் 2020 வரை அமெரிக்கா, பிரிட்டனின் 25 ஆஸ்பத்திரிகளில், எங்கே இதயம் நின்றாலும் அங்கே கருவிகளோடு குழு ஓடியது. நோயாளியின் தலைமாட்டில் படம் காட்டும் டேப்லெட். காதில் ஹெட்போன், அதில் மூன்று பழங்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கும். நெற்றியில் மூளையின் ஆக்சிஜனையும் மின் அலையையும் அளக்கும் சென்சார்கள். ஒருபக்கம் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும்போதே இன்னொருபக்கம் இதெல்லாம் நடந்தது.

மொத்தம் 567 பேர். பிழைத்தவர்கள் 53 பேர். பேட்டி கொடுத்தவர்கள் 28 பேர். 2023-ல் வெளியான முடிவின்படி, படத்தை அடையாளம் சொன்னவர் ஒருவரும் இல்லை. பழங்களின் பெயரை ஒரே ஒருவர் சொன்னார். ஒருவர் மட்டும் என்பதால் அது தற்செயலாகவும் இருக்கலாம்.

ஆனால் ஆய்வாளர்களே எதிர்பார்க்காத ஒன்று அதில் இருந்தது. சிபிஆர் தொடங்கி 35 நிமிடம், சிலருக்கு 60 நிமிடம் வரை ஆன பிறகும், விழித்திருப்பவர்களுக்கு வருவது போன்ற மூளை அலைகள் அவ்வப்போது தலைகாட்டின. இதயம் நின்ற சில நிமிடங்களில் மூளை மீளமுடியாமல் போய்விடும் என்று பாடப்புத்தகத்தில் படித்த பலருக்கு இது அதிர்ச்சி. இதிலும் ஒரு 'ஆனால்' இருக்கிறது. மூளை அலை பதிவானவர்களும், அனுபவத்தைச் சொன்னவர்களும் ஒரே ஆட்கள் இல்லை. அந்த அலைகளின்போது அவர்கள் எதையாவது உணர்ந்தார்களா என்பதைச் சொல்ல அவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை.

'நினைவு' செய்யும் குழப்பம்

தமிழில் 'நினைவு தப்பிடுச்சு' என்கிறோம். 'சின்ன வயசு நினைவு' என்றும் சொல்கிறோம். விழிப்போடு இருப்பதற்கும், பின்னால் ஞாபகம் வைத்துச் சொல்வதற்கும் ஒரே சொல். இந்த ஆராய்ச்சியின் பெரிய முடிச்சும் இதேதான். கண் விழித்தவர் நமக்குத் தருவது இரண்டாவது நினைவை. அதை வைத்துக்கொண்டு முதலாவது நினைவு அப்போது இருந்தது என்று நாம் முடிவு கட்டுகிறோம்.

ஒரு கனவை யோசித்துப் பாருங்கள். அலாரம் அடிக்கும் நேரத்தில் வந்த கனவு, மணிக்கணக்கில் நடந்தது போல இருக்கும். இதயம் நின்றவரின் மூளை மங்கிக்கொண்டே போகும் நொடிகள் இருக்கின்றன. மீண்ட பிறகு மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ தெளிந்துகொண்டு வரும் நேரம் இருக்கிறது. மிதந்த அனுபவம் இந்த இரண்டில் ஒன்றில் உருவாகியிருக்கலாம். அவருக்கோ அது நடுவில், கோடு நேராக இருந்தபோது நடந்ததாகத் தோன்றும். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தை அவரால் குறித்துச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

மூடிவைத்த படம் முக்கியமாவது இதனால்தான். நேரத்தைக் குறிக்கும் ஒரே முத்திரை அது. இதுவரை அந்த முத்திரை யாருடைய பேட்டியிலும் விழவில்லை.

மிதக்கும் உணர்வு எங்கிருந்து வருகிறது?

2002-ல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர் ஓலஃப் பிளாங்கே, வலிப்பு நோய் சிகிச்சைக்காக ஒரு பெண்ணின் மூளையில் மின்முனைகளை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். வலது பக்கம், காதுக்கு மேலே சற்றுப் பின்னால் இருக்கும் ஒரு பகுதியில் லேசான மின்சாரம் பாய்ச்சியதும், கட்டிலில் கிடக்கும் தன் உடலை மேலிருந்து பார்ப்பதாக அவர் சொன்னார். மின்சாரத்தை நிறுத்தினால் அனுபவமும் நின்றது. திரும்பப் பாய்ச்சினால் திரும்ப வந்தது. 'நேச்சர்' இதழில் வெளியான இந்தச் சோதனை பெரிய திருப்பம்.

கண் சொல்வது, தோல் சொல்வது, காதுக்குள் சமநிலையைப் பார்க்கும் உறுப்பு சொல்வது எல்லாவற்றையும் சேர்த்து 'நான் இங்கே இருக்கிறேன்' என்று மூளை கணக்குப் போடுவது அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். கணக்கு பிசகினால் 'நான்' வேறு இடத்துக்குப் போய்விடுகிறேன். 2007-ல் 'சயின்ஸ்' இதழில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் மின்சாரமே இல்லாமல் இதைச் செய்துகாட்டின. கேமராவும் வீடியோ கண்ணாடியும் போதும். ஆரோக்கியமான ஆட்கள் தங்களுக்குப் பின்னால் நின்று தங்களையே பார்ப்பது போல உணர்ந்தார்கள். கூடு விட்டுக் கூடு பாய்வது என்று பாட்டி கதையில் கேட்டதைக் கிட்டத்தட்ட ஆய்வகத்தில் பார்த்துவிட்டார்கள்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜிமோ போர்ஜிகின் வேறு பக்கமிருந்து வந்தார். எலிகளின் இதயம் நின்ற 30 நொடிகளுக்குள் அவற்றின் மூளையில் காமா அலைகள் திடீரென்று பெருகுவதை 2013-ல் கண்டார். 2023-ல், வென்டிலேட்டர் எடுக்கப்பட்ட 4 மனிதர்களின் பதிவுகளில் 2 பேரிடம் அதே மாதிரி எழுச்சி. அணையப்போகும் விளக்கு பிரகாசமாக எரியும் என்பார்களே, அப்படி. அந்த 4 பேருமே இறந்துவிட்டார்கள். அவர்கள் என்ன உணர்ந்தார்கள் என்று கேட்க வழியில்லை.

இதெல்லாம் சேர்ந்து மூளைக்காரர்கள் ஜெயித்துவிட்டார்களா? முழுசாக இல்லை. நரம்புச் செல்களின் மின்சாரம் எப்படி வலியாகவும் காபி வாசனையாகவும் 'உணரப்படுகிறது' என்பதற்கு இன்னும் விடை கிடையாது. 1998-ல் விஞ்ஞானி கிறிஸ்டோஃப் கோஹ், தத்துவவாதி டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார்: 25 ஆண்டுகளில் பிரக்ஞைக்கான தெளிவான மூளை அடையாளம் கிடைத்துவிடும் என்று. 2023-ல் நியூயார்க்கில் மேடையிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார். இந்தச் செய்தியைக் காட்டி 'ஆன்மா இருப்பதை விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது' என்று போடப்படும் ரீல்ஸ்களை நம்ப வேண்டாம். எப்படி என்று தெரியவில்லை என்பது, வெளியே போகிறது என்பதற்குச் சாட்சி ஆகாது.

சித்ரகுப்தன் கணக்கில் தப்பு

இந்த ஆராய்ச்சியில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸில் பணியாற்றிய சத்வந்த் பஸ்ரிச்சா, அமெரிக்க மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சனுடன் சேர்ந்து, இந்தியர்களின் 16 மரண விளிம்பு அனுபவங்களை 1986-ல் வெளியிட்டார். மேலைநாட்டவர் சொல்வது போல மேலே மிதந்து தன் உடலைப் பார்ப்பது இங்கே அரிது. தூதர்கள் வந்து பிடித்துப் போகிறார்கள். ஏடு வைத்திருக்கும் ஒருவர் முன் நிறுத்துகிறார்கள். ஆள் மாறிவிட்டது, இவன் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். எமலோகத்திலும் கிளார்க் மிஸ்டேக்!

சிரிப்பு வந்தாலும் இது முக்கியமான தடயம். எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் போகிறார்கள் என்றால், அமெரிக்கருக்கு ஒரு மாதிரியும் இந்தியருக்கு ஒரு மாதிரியும் ஏன் தெரிய வேண்டும்? அனுபவத்துக்குத் தேவையான சரக்கை ஒவ்வொருவரும் வளர்ந்த வீட்டிலிருந்தும் கேட்ட கதையிலிருந்தும் எடுத்துக்கொள்வதாகத்தான் தெரிகிறது. போகுமிடம் ஒன்றுதான், பார்க்கும் கண்தான் வேறு என்று நம்பிக்கையாளர்கள் பதில் சொல்வதுண்டு. அதைச் சோதித்துப் பார்க்க ஓர் அலமாரியை எங்கே மாட்டுவது?

வீட்டுக்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

அனுபவத்தின் காரணம் எதுவாக இருந்தாலும் அதன் விளைவு நிஜம். வான் லோமல் தன் நோயாளிகளை 2 ஆண்டுகள், பிறகு 8 ஆண்டுகள் கழித்தும் சந்தித்தார். அனுபவம் வந்தவர்களுக்கு மரண பயம் வெகுவாகக் குறைந்திருந்தது. மறுபக்கம், 'அவேர்' பேட்டிகளில் பயமும் துரத்தப்படுவது போன்ற உணர்வும் சொன்னவர்கள் இருந்தார்கள். ஐசியுவிலிருந்து வீடு திரும்பிய அப்பா இப்படி எதையாவது சொன்னால், மருந்து வேலை செய்கிறது என்று பேச்சை மாற்றுவதை விட உட்கார்ந்து கேட்பது நல்லது. மனநல ஆலோசனை தேவையா என்று டாக்டரிடம் விசாரிக்கலாம்.

இன்னொன்று, காது. கனடாவின் வான்கூவரில் 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், இறப்பதற்குச் சில மணி நேரம் முன்பு எந்த அசைவும் இல்லாமல் கிடந்த சிலரின் மூளை, ஒலி மாறும்போது ஆரோக்கியமானவர்களின் மூளை போலவே சலனம் காட்டியது. புரிந்துகொண்டார்களா என்பது வேறு விஷயம். ஆனால் கட்டில் பக்கத்தில் நின்று ஆஸ்பத்திரி பில் பற்றியும் வீட்டுப் பாகப்பிரிவினை பற்றியும் சத்தமாகப் பேசாமல் இருக்க இது போதுமான காரணம்.

கடைசியாக, குழம்பவே கூடாத ஓர் இடம். மரண விளிம்பிலிருந்து திரும்பியவர்களின் இதயம் நின்றிருந்தது. அவர்கள் யாரும் மூளைச்சாவு அடைந்தவர்கள் அல்ல. மூளைச்சாவு என்பது மூளைத்தண்டு வரை செயல் நின்று, தானாக மூச்சு விடும் திறனே இல்லாமல் போவது. வென்டிலேட்டரால் நெஞ்சு ஏறி இறங்கும், உடம்பு சூடாக இருக்கும். அதைப் பார்த்து, யூடியூபில் கேட்ட கதையையும் நினைத்து, எங்க பையன் திரும்பி வந்துடுவான் என்று குடும்பம் தவிப்பது இயல்பு. உறுப்பு தானம் பற்றிக் கேட்கப்படுவதும் அந்த நேரத்தில்தான். 1994-ம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி, 4 டாக்டர்கள் கொண்ட குழு சோதித்துச் சான்றளிக்க வேண்டும். பெரியவர்களுக்கு முதல் சோதனைக்குப் பிறகு குறைந்தது 6 மணி நேரம் விட்டு மறுபடியும் அதே சோதனைகளைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு சோதனையிலும் என்ன பார்த்தார்கள், என்ன தெரிந்தது என்று விளக்கச் சொல்லிக் குடும்பத்தினர் கேட்கலாம்.